'ஒரு நெசவாளர்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் எங்கள் ஊர்ப் பட்டின் வரலாறு குறித்து நீங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காஞ்சிபுரத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க வந்திருக்கிறதே என்ற மகிழ்ச்சியில் முதல் முறை படித்தேன். ஒரு வரி முள்ளாகத் தைத்ததால் இரண்டாம் முறை படித்தேன். 'ஒரு நெசவாளர் 15 நாள் உழைத்து ஒரு கோர்வைச் சேலையை நெய்து முடிக்கிறார்' என்பதுதான் அந்த வரி. ஐயா, எங்கள் குழித்தறியில் கோர்வைச் சேலையை ஒருவர் நெய்ய முடியாது. தறியின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவரைத்தான் கட்டுரையாளர் பார்த்திருக்கிறார். இடப்பக்கத்தில் இன்னொருவர் உண்டு. ஏழு வயதில் தொடங்கி ஆறு ஆண்டுகள், 1963 முதல் 1969 வரை, அந்த இடப்பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். எனக்குப் பிறகு 22 ஆண்டுகள் அங்கே உட்கார்ந்தவர் என் அம்மா. அதனால்தான் இந்தக் கடிதம்.

கோர்வை என்பது என்ன என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், தனித்தனி. உடலின் ஊடை கரைக்குள் போகாது, கரையின் ஊடை உடலுக்குள் வராது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். அதனால்தான் அந்தப் பெயர். இதற்கு மூன்று நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை) வேண்டும்: இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று. நெசவாளர் மிதியை அழுத்தினால் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள், வாய் திறக்கும். உடல் நாடாவை அவர் தள்ளிவிடுவார். இடப்பக்கம் இருப்பவர் அதைப் பிடித்து, தன் கையிலுள்ள கரை நாடாவின் இழையோடு கோத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வலப்பக்கத்துக் கோர்வையை நெசவாளரே போட்டுக்கொள்வார். பிறகு ஊடையை நெருக்கும் அச்சை இழுத்து ஓர் அடி. இவ்வளவும் நடந்தால் துணி ஓர் இழை வளரும்.

நான் கணக்குப் பாடம் நடத்தியவள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐந்தரை மீட்டர் சேலையில் முந்தானையைக் கழித்தால் உடல் நாலரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 50 ஊடை என்று குறைத்தே கணக்கிட்டாலும், ஒரு சேலைக்கு 8,800 முறைக்கு மேல் இடப்பக்கத்துக் கை முன்னே போய்த் திரும்ப வேண்டும். 'ஒரு நெசவாளர்' என்று எழுதும்போது இந்த 8,800 முறையும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

எண்ணிக்கையை விட நுணுக்கம் பெரிது. இடக்கரை இழையைக் கூடுதலாக இழுத்தால் கரை சுருங்கும். தளர்த்தினால் கோர்வையில் கண்ணி தெரியும். என் அப்பா தறியில் அதிகம் பேச மாட்டார். நாலு விரற்கடை நெய்ததும் கட்டைவிரலைக் கோர்வையின் மேல் வைத்து மெல்லத் தடவிக்கொண்டே வருவார். கண் வேறெங்கோ இருக்கும். விரல் வழுக்கிக்கொண்டு போனால் நான் மூச்சு விடுவேன். ஓரிடத்தில் நின்றால் எனக்கு வயிறு கலங்கிவிடும். "பிரி" என்று ஒரே சொல்தான் சொல்வார். பத்துப் பதினைந்து இழையைப் பிரித்துத் திரும்பப் போட வேண்டும். பட்டு இழையைப் போடுவதை விடப் பிரிப்பது கடினம். ஜரிகை என்றால் இன்னும் கடினம். பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளி இழை மடங்கிவிட்டால் மறுபடி நேராகாது. அப்படி வீணான ஜரிகைக்குக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அந்தச் சிறு வயதிலேயே என் விரலுக்கும் வீட்டு உலைக்கும் உள்ள தொடர்பு எனக்குத் தெரிந்துவிட்டது.

விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா எழுப்புவார். முகம் கழுவியதும் நேராகத் தறியில் உட்காரும் பலகைக்குப் போக வேண்டும். குழித்தறியில் நெசவாளரின் கால்கள் குழிக்குள் மிதியின் மேல் இருக்கும். எனக்கோ கால் எட்டாது, மடக்கிக்கொண்டுதான் உட்காருவேன். ஒன்பது மணிக்குக் கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓட வேண்டும். சேலை முடிக்கும் நாட்களில் பள்ளி கிடையாது. மாலையில் விளக்கு வைத்த பிறகும் வேலை இருக்கும். என்னோடு படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான். யாரும் இதைக் கொடுமை என்று நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. வீட்டு வேலை என்றுதான் அதற்குப் பெயர்.

அதைவிட மோசமான நிலையிலும் பிள்ளைகள் இருந்தார்கள். தறி இல்லாத வீட்டுக்காரர்கள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ தறிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதற்கு ஈடாக வீட்டுப் பிள்ளை அந்தத் தறியின் இடப்பக்கத்தில் போய் உட்கார வேண்டும். பணம் தீரும்வரை வேறு தறிக்குக்கூடப் போக முடியாது. எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஒன்பது வயதில் அப்படிப் போனான். அவன் நான்காம் வகுப்பைப் பார்க்கவே இல்லை.

1969இல் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார். "இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள் அம்மா, படிக்கக்கூடியவள்" என்று சொன்னார். அப்பா தறியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். இரண்டாள் இல்லாமல் தறி ஓடாது, வெளியாள் வைக்கக் கூலி கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "அவள் போகட்டும். நான் உட்காருகிறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்று மாலையே உட்கார்ந்தார். அதற்கு முன்பும் அவர் சும்மா இருந்ததில்லை. ராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சி) சுற்றுவது, இழை அறுந்தால் முடிவது, பாவு பிணைப்பது எல்லாம் அவர்தான். சமையலும் தண்ணீரும் அவர்தான். இடப்பக்கமும் அவர் தலையில் ஏறியது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து 1977இல் வேலைக்குச் சேர்ந்தேன் என்றால், அது அம்மா பலகையில் உட்கார்ந்ததால்தான். 1991இல் அப்பாவுக்குக் கண் மங்கித் தறியை நிறுத்தும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை.

அப்பாவின் கூலிப் புத்தகங்கள் ஏழு என்னிடம் இருக்கின்றன. பட்டு எவ்வளவு கொடுத்தார்கள், ஜரிகை எவ்வளவு கொடுத்தார்கள், சேலை எத்தனை, பிடித்தம் எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு தோலா எடை ஜரிகை கூடினாலும் குறைந்தாலும் குறிப்பு உண்டு. என் அம்மாவின் பெயர் ஏழு புத்தகத்திலும் ஓரிடத்தில்கூட இல்லை.

இப்போது உங்கள் கட்டுரையின் வரலாற்றுப் பகுதிக்கு வருகிறேன். 'நானூறு ஆண்டுப் பாரம்பரியம்' என்று தொடங்குகிறீர்கள். விஜயநகர ஆட்சிக் காலத்தில் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களைக் கொண்டு இப்படிச் சொல்வது வழக்கம். பட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். ஊரின் தறிக்கு அது போதாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழர் காலத்துச் செப்பேடு ஒன்று இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அப்போது எங்கள் ஊரின் பெயர் கச்சிப்பேடு. ஊரகம் என்று ஆழ்வார்கள் பாடிய உலகளந்த பெருமாள் கோயிலின் அறக்கட்டளை பற்றியது அந்தச் செப்பேடு. ஊரின் நான்கு சேரிகளில் குடியிருந்த நெசவாளர்களை அது குறிப்பிடுகிறது. அந்தக் கோயிலின் வரவு செலவைப் பார்க்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

இதை நான் முதன்முதலில் அறிந்தது ஆசிரியையான பிறகுதான். அன்று மாலை அதே கோயிலுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஒரு பெருங்கோயிலின் கணக்கை நம்பி ஒப்படைக்கத் தக்கவர்களாக நெசவாளர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வழியில் வந்த தெருவில் தறியில் உட்கார்ந்த பாதிப் பேருக்கு அவர்கள் உழைப்பின் கணக்கிலேயே பெயர் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது காஞ்சிபுரத்தின் வரலாறு.

தறிக்கு வரி வாங்காத அரசர் இல்லை. தறி இறை என்று கல்வெட்டுகளில் தனியாகவே வரும். நெசவுக் குலத்தவரான கைக்கோளர்கள் சோழர் படையிலும் இருந்திருக்கிறார்கள். விஜயநகரக் காலத்தில் பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றுக் கல்வெட்டில் பொறித்துக்கொண்டார்கள். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. துணிதான் அவர்களை இந்தக் கரைக்கு இழுத்தது. 1734இல் நெசவாளர்களையும் நூற்பவர்களையும் குடியேற்றுவதற்கென்றே சென்னையில் ஒரு பேட்டையை உண்டாக்கினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இவையெல்லாம் பெரிய வரலாறு, புத்தகங்களில் கிடைக்கும். எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வரலாறு 1953ஆம் ஆண்டுடையது.

என் தாத்தா பருத்தி நெய்தவர். போருக்குப் பின் நூல் விலையும் தேங்கிய துணியும் சேர்ந்து தறிகளை நிறுத்தின. தமிழ்நாடு முழுக்க நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித் தொட்டியின் முன்னால் வரிசையில் நின்றன. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் ராஜாஜி மத்திய அரசிடம் கேட்டார். எங்கள் ஊரில், நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா, 1953இல் தம் கட்சித் தோழர்களோடு கைத்தறித் துணியைத் தெருத் தெருவாகச் சுமந்து விற்றார். எதிரெதிர் அணியில் இருந்த இருவர் ஒரே நேரத்தில் ஒரே தொழிலுக்காகப் பேசினார்கள் என்பதைத் தாத்தா வியந்து சொல்வார். அந்த வரிசையில் தூக்குவாளியோடு நின்றவர் பாட்டி. தாத்தாவுக்கு வெட்கம், போக மாட்டார். கஞ்சி வாங்கப் போனவர் பெயரும் எங்கும் இல்லை.

அதன்பிறகு கூட்டுறவுச் சங்கங்கள் ஊர் முழுக்க வளர்ந்தன. அவை இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பாதி வீடு அன்றே காலியாகியிருக்கும் என்பதை நன்றியோடு சொல்கிறேன். 1985இல் கைத்தறிக்கென்று சில துணி ரகங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 22 ரகமாக இருந்த பட்டியல் 1996இல் 11 ஆகக் குறைந்தது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதையெல்லாம் உங்கள் கட்டுரையும் சொல்கிறது, சரியாகவே சொல்கிறது.

கட்டுரையின் கடைசிப் பகுதிதான் என்னைத் திரும்பவும் நிறுத்தியது. 'இளைய தலைமுறை ஆர்வம் காட்டாததால் கோர்வைக் கலை அழிந்து வருகிறது' என்று முடித்திருக்கிறீர்கள். இதே வாசகத்தைக் கடைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மேடையில் பேசுபவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் 37 ஆண்டுகள் இந்த ஊரில் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவள். உண்மை வேறு.

கோர்வை இத்தனை காலம் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்ததற்குக் காரணம், இடப்பக்கத்தில் இருந்தவருக்குக் கூலி இல்லை என்பதே. சேலைக்கு இவ்வளவு என்று ஒரு கூலிதான் பேசுவார்கள். அதற்குள் இரண்டாவது ஆளை நெசவாளரே தேடிக்கொள்ள வேண்டும். தேடினால் கிடைத்தது அவர் பிள்ளை, அல்லது அவர் மனைவி, அல்லது கடன்பட்டவர் வீட்டுப் பிள்ளை. சந்தையில் சேலைக்கு ஒரு விலை போட்டபோது அதில் இரண்டாவது ஆளுக்கு ஒரு பைசாவும் சேர்க்கப்படவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வருகைப் பதிவேட்டில் 'நீண்ட நாள் வராதவர்' என்று எழுதிய பெயர்கள் நிறைய. வீடு வீடாகப் போவேன். தறிச் சத்தம் வைத்தே எந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். இடப்பக்கத்தில் பெரியவர் இருந்தால் அச்சு ஒரே சீராக அடிக்கும். பிள்ளை இருந்தால் சற்றே நின்று நின்று அடிக்கும், பகல் ஏற ஏற இன்னும் மெதுவாகும். 1982இல் சத்துணவு வந்தபோது மதியம் மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுத் தறிக்கு ஓடிய பிள்ளைகள் உண்டு. அவர்களை நான் தடுத்ததில்லை. சாப்பிட வந்த பிள்ளையை ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் நாலு எழுத்து வருமே என்று பார்ப்பேன். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பிற்பாடு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் எங்கள் ஊரிலும் நடந்தன. பல ஆசிரியர்கள், தொண்டர்கள், மனம் மாறிய தறிக்காரர்கள், எல்லாருக்கும் மேலாகப் பசியைப் பொறுத்துக்கொண்டு பிள்ளையை எழுப்பி அனுப்பிய அம்மாக்கள், இவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அந்தப் பலகையிலிருந்து குழந்தைகளை இறக்கினார்கள். எங்கள் ஊரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

பிள்ளைகள் எழுந்துபோன பிறகு இடம் காலியானது. அந்த இடத்துக்குப் பெரியவர் ஒருவரைக் கூலி கொடுத்து உட்கார வைக்க வேண்டும். கொடுக்க யாரும் முன்வரவில்லை. கோர்வை இல்லாமல் ஒரே நாடாவில், ஒரே ஆள் நெய்யும் சேலைகளுக்குத் தறிகள் மாறிக்கொண்டன. அவையும் அழகான சேலைகள்தாம், நெய்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தறியை விட்டவர்களின் பிள்ளைகள் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். என் அண்ணன் மகனும் போகிறான். மாதம் பிறந்தால் சம்பளம், பெயர் போட்ட அட்டை, வைப்புநிதி எல்லாம் அவனுக்கு உண்டு. 'ஆர்வம் இல்லை' என்று அவனைச் சொல்வது நியாயமா? அவன் பாட்டி 22 ஆண்டுகள் பெயரில்லாமல் உட்கார்ந்ததை அவன் அறிவான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, 14 வயதுக்குட்பட்டவர்கள் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று ஆக்கினார்கள். ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். பாரம்பரியத் தொழிலைக் காக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பள்ளி நேரம் போக என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். விடியற்காலை ஐந்து மணி, இரவு விளக்கு வைத்த பிறகு. நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். முதல் வகுப்பு மணி அடிக்கும்போதே தூங்கிவிழுந்தேன். அந்த விலக்கைக் காட்டி ஒரு பிள்ளையைக்கூடத் திரும்பப் பலகையில் ஏற்றக் கூடாது. கோர்வை நின்றே போனாலும் சரி, ஏற்றக் கூடாது.

ஆனால் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் கோர்வை நெய்கிறார்கள். மூன்றாம் வீட்டில் கணவனும் மனைவியும் நெய்கிறார்கள். அவருக்கு 60 வயது கடந்துவிட்டது, அவர் மனைவிக்கு ஐம்பதுகளின் நடுப்பகுதி. போன மாதம் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். அரக்கு உடல், பச்சைக் கரை, அதில் தாழம்பூ ரேக்கு வேலைப்பாடு. உடலின் முடிவில் பேட்னி போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தானைக்கு வேறு நிறப் பாவை உள்ளே கொண்டுவந்து, பழைய பாவின் ஒவ்வோர் இழைக்கும் பக்கத்தில் புதிய இழையைச் சேர்த்து, இரண்டையும் சேர்த்தே சிறிது தூரம் நெய்து, பிறகு பழைய இழைகளை வெட்டி விடுவது பேட்னி. ஆயிரக்கணக்கான இழைகள். கணவர் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி குனிந்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, ஒவ்வோர் இழையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனைவியின் இடக்கை ஆள்காட்டி விரலில் நகத்துக்குக் கீழே ஒரு தடித்த கோடு. எனக்கும் அதே இடத்தில் அதே கோடு இருக்கிறது, 55 ஆண்டுகளுக்கு மேலாகியும் போகவில்லை. இருவரும் கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

"உன் பெயரில் கூலி எழுதுகிறார்களா?" என்று கேட்டேன். "எனக்கு எதற்கு டீச்சர், அவர் பெயரில் எழுதினால் போதாதா?" என்றார். கணவர் தலை நிமிராமலே சொன்னார்: "போதாது. இவள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் தறி அன்றைக்கு முழுக்க நிற்கிறது. நான் படுத்தாலும் நிற்கிறது. இரண்டும் ஒன்றுதானே?"

நான் கேட்பது இவ்வளவுதான். கோர்வைச் சேலைக்குக் கூலி நிர்ணயிக்கும்போது இரண்டு ஆள் கூலி என்று நிர்ணயிக்க வேண்டும். கூலிப் புத்தகத்தில் இரண்டு பெயர் எழுத வேண்டும். சேமிப்புத் திட்டம், முதியோர் ஓய்வூதியம், காப்பீடு எதுவானாலும் இரண்டாவது பெயருக்கும் அது போய்ச் சேர வேண்டும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கூலி கொடுப்பவர்கள் இன்னும் எழுதவில்லை.

விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். திருமணத்துக்குப் பட்டு எடுப்பவர்கள் காந்தி சாலைக் கடைகளில் ஜரிகையின் தரத்தைக் கேட்கிறார்கள், எடையைக் கேட்கிறார்கள், குறியீட்டு முத்திரையைக் கேட்கிறார்கள். இனி இன்னொன்றும் கேட்கட்டும். சேலையைத் திருப்பிப் பிடித்து, உடலும் கரையும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். கோர்வை என்றால் பின்பக்கத்தில் உடலின் நிறமும் கரையின் நிறமும் அங்கேயே திரும்பியிருக்கும், உடலின் ஊடை கரைக்குள் ஓடியிருக்காது, சேரும் இடம் மெல்லிய வரப்புப் போல விரலுக்குத் தட்டுப்படும். அது இருந்தால், 'இதை நெய்தவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் கூலி போயிற்றா?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் கடையில் பதில் தயாராகிவிடும். எங்கள் ஊர் வியாபாரிகளை எனக்குத் தெரியும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். திருத்தம் வெளியிடும் பகுதி உங்கள் நாளிதழில் இருக்கிறது. பெயர் தவறாக அச்சானால், தேதி மாறிப்போனால் மறுநாளே திருத்துகிறீர்கள், அதைப் பல முறை பார்த்து மதித்திருக்கிறேன். 'ஒரு நெசவாளர்' என்பதை 'இரண்டு நெசவாளர்கள்' என்று படிக்கவும் என ஒரு வரி போடுங்கள்.

கட்டுரையாளரை மறுபடி அனுப்பினால் நானே அழைத்துப் போகிறேன். கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளையார்பாளையத்தில் இறங்கி, தறிச் சத்தம் கேட்கும் எந்தத் தெருவில் நுழைந்து 'டீச்சர் வீடு' என்று கேட்டாலும் காட்டுவார்கள். காலை ஏழு மணிக்குள் வந்தால் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதையும் பார்க்கலாம், வெயில் ஏறினால் சுருட்டிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். மழை பிடித்தால் தறிக்குழியில் நீர் ஊறிவிடும், யாரும் உட்கார முடியாது. தை பிறந்ததும் வரச் சொல்லுங்கள். முகூர்த்தச் சேலைகள் ஏறியிருக்கும், தறிகள் நிற்காது. வலப்பக்கத்தில் இருப்பவரோடு அவர் முன்பே பேசிவிட்டார். இந்த முறை இடப்பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு வைக்கிறேன், அங்கே உட்கார்ந்து பேசட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.